பவுலா வெசெலி (1907–2000): வியன்னா மேடையின் ராணியா, 'ஹைம்கேர்' நாயகியா?

நாடகக்கிறுக்கன்

நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட் பற்றிய இழையில் பேச்சு தடம் மாறிக்கொண்டே போவதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். அங்கே பழையபடம் பாபு அண்ணன் ஆஸ்திரிய நடிகை பவுலா வெசெலியின் நடிப்பை வாய் வலிக்கப் புகழ்ந்தார். கறார்கண்ணன் வந்து "நாஜிப் பிரச்சாரப் படத்தின் கதாநாயகி" என்று ஒரே வரியில் ஆளை முடித்துவிட்டுப் போனார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1907 ஜனவரி 20 அன்று வியன்னாவில் பிறந்தவர். அப்பா கறிக்கடைக்காரர். அத்தை யோசெஃபினே வெசெலி வியன்னாவின் பெரிய அரங்கான புர்க் தியேட்டரில் பெயர்பெற்ற நடிகை. பவுலா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, இருபதுகளில் இறந்துபோனார். பவுலா வியன்னாவிலேயே நடிப்புப் படித்து, 1924இல் ஃபோல்க்ஸ் தியேட்டரில் மேடையேறினார். 1926இல் பிராக் நகரின் ஜெர்மன் தியேட்டருக்குப் போனார். நடிகர் அட்டிலா ஹோர்பிகரைச் சந்தித்தது அங்கேதான், 1935இல் கல்யாணம். 1929 முதல் ரைன்ஹார்ட்டின் யோசெஃப்ஸ்டாட் தியேட்டர், 1953 முதல் புர்க் தியேட்டர். 2000 மே 11 அன்று 93 வயதில் காலமானார்.

நடுவில் 1941 இருக்கிறது, 'ஹைம்கேர்' என்ற அந்தப் பிரச்சாரப் படம் வந்த வருஷம். அதைப் பற்றித்தான் சண்டை வரும், வரட்டும். ஆளை ஆள் திட்டாமல் பேசினால் போதும்.

பழையபடம் பாபு

தம்பி, நல்ல காரியம் செய்தாய்.

முதலில் அவர் எதற்காகக் கொண்டாடப்பட்டார் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கண்ணன் வந்து கல்லெறியட்டும். அந்தக் காலத்து ஜெர்மன் மேடை என்றாலே முழக்கம்தான். வியன்னாவில் ஷார்லொட்டே வோல்ட்டர் என்று ஒரு பெரிய நடிகை இருந்தார். சோக நாடகங்களில் அவர் போடும் அலறலுக்கென்றே 'வோல்ட்டர் அலறல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்த மரபு இன்னும் ஓயாத ஊரில், குரலை உயர்த்தாமல், வீட்டில் பேசுவது மாதிரி பேசிக்கொண்டு ஒரு பெண் மேடைக்கு வருகிறாள். உருவத்தில் பகட்டு கிடையாது. வட்ட முகம், கொஞ்சம் அடங்கிய, கதகதப்பான குரல், அதில் வியன்னாவின் இழுவை.

1932இல் பெர்லின் டாய்ச்செஸ் தியேட்டரில் ஜெர்மன் நாடகாசிரியர் ஹவுப்ட்மானின் 'ரோசே பெர்ன்ட்' நாடகம். ஆண்களால் துரத்தப்பட்டு, கடைசியில் தன் குழந்தையைத் தானே கொன்றுவிடும் கிராமத்துப் பெண்ணாக நடித்தார். பெர்லின் விமர்சகர்கள் லேசில் மசியாதவர்கள், அவர்களே அசந்துபோனார்கள். மறு வருஷம் சால்ஸ்பர்க் விழாவில் ரைன்ஹார்ட்டின் 'ஃபவுஸ்ட்'. மலைப்பாறையைக் குடைந்த பழைய குதிரைப் பயிற்சிக் களத்தில், ஹோல்ட்ஸ்மைஸ்டர் என்ற கட்டடக் கலைஞர் ஒரு நகரத்தையே எழுப்பினார். திரை ஏற்றி இறக்கும் வேலையே இல்லை. ஒரு வீட்டில் விளக்கு அணையும், அடுத்த வீட்டில் ஏறும். அவ்வளவு பெரிய இடத்தில் நாயகி கிரெட்சென் வேடத்தில் இவர் மெதுவாகப் பேசினார், அது கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்கிறார்கள். சாத்தான் மெஃபிஸ்டோவாக நடித்த மாக்ஸ் பாலென்பெர்க் மறு வருஷமே விமான விபத்தில் போய்விட்டார் பாவம்.

ரயிலடி

பாபு அண்ணே, சினிமாவுக்கு ஏன் அவ்வளவு தாமதமாக வந்தார்? 1934தானே முதல் படம்?

பழையபடம் பாபு

ஆமாம் ரயிலடி. சினிமாக்காரர்கள் கண்ணுக்கு அந்த முகம் தேறவில்லை. வில்லி ஃபோர்ஸ்ட்தான் துணிந்து 'மாஸ்கராடே'வில் போட்டார்.

கதை 1905 வாக்கில் வியன்னா, கார்னிவல் சீசன். ஓர் ஓவியன் பெரிய மனிதர் வீட்டுப் பெண் ஒருத்தியை முகமூடியும் கைமூடியும் மட்டும் அணிந்தவளாக வரைந்துவிடுகிறான். படம் பத்திரிகையில் வந்து ஊரே "யார் இவள்?" என்று கேட்கிறது. தப்பிக்க வாயில் வந்த பெயரைச் சொல்கிறான்: லெயோபோல்டினே டூர். அப்படி ஒருத்தி நிஜமாகவே இருக்கிறாள்! ஒரு பிரபுகுல மூதாட்டிக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் சாதாரண வேலைக்காரி. அவள்தான் வெசெலி.

கடைசியில் ஓவியன் சுடப்பட்டுக் கிடக்கிறான். அவள் ஆபரா அரங்குக்கு ஓடி டாக்டரைக் கூப்பிடுகிறாள். அந்த டாக்டரின் மனைவியைத்தான் ஓவியன் வரைந்தது! உள்ளே கச்சேரி களைகட்டியிருக்கிறது, வெளியே இவள் அந்த மனுஷனிடம் மன்றாட வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அழுது தீர்த்திருப்பார்கள். இவர் அழுகையை விழுங்கிக்கொண்டு பேசுவார். நமக்குத்தான் தொண்டை அடைக்கும். மறு வருஷமே எம்ஜிஎம் இதை லூயிசே ரைனரை வைத்துத் திரும்ப எடுத்தது. 1935இல் 'எபிசோடே' படத்துக்காக வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருதும் வெசெலிக்குக் கிடைத்தது.

கறார்கண்ணன்

அருமையாக எழுதியிருக்கிறீர்கள், மறுக்கவில்லை. விட்டதை நான் சொல்கிறேன்.

'மாஸ்கராடே'வின் திரைக்கதையும் 'எபிசோடே'வின் இயக்கமும் வால்டர் ரைஷ். யூதர். நாட்டைவிட்டு ஓடி ஹாலிவுட்டில் பிழைத்தார். ஓவியனாக நடித்த அடால்ஃப் வோல்ப்ரூக்கும் வெளியேறி இங்கிலாந்தில் ஆன்டன் வால்புரூக் ஆனார். ரைன்ஹார்ட் 1937இல் அமெரிக்கா போனவர், 1943இல் நியூயார்க்கில் இறந்தார். வெசெலியை வெசெலி ஆக்கியவர்களில் முக்கியமான பெயர்கள் இவை. 1938 ஏப்ரலில், ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கியதற்கு ஒப்புதல் வாங்க ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு ஆதரவாகத் தன் பெயரைக் கொடுத்தவர்களில் இவரும் உண்டு.

அப்புறம் 'ஹைம்கேர்'. 1941, வீன் ஃபிலிம் தயாரிப்பு, இயக்கம் குஸ்டாவ் உசிட்ஸ்கி. போலந்தின் வோலினியா பகுதியில் வாழும் ஜெர்மானியர்களைப் போலந்துக்காரர்கள் அடித்து நொறுக்குகிறார்கள், பள்ளிக்கூடத்தைச் சூறையாடுகிறார்கள் என்று கதை. நடந்தது என்ன? 1939 செப்டம்பரில் படையெடுத்தது யார், ஊர் ஊராகக் கொன்றது யார்? அதை அப்படியே தலைகீழாக்கி, கொன்றவனைக் கொலையுண்டவனாகக் காட்டிய படம். வெசெலி அதில் ஆசிரியை மரீ. கடைவீதியில் ஒரு யூத வியாபாரி துணி விற்க வருகிறார். "உங்களிடம் நாங்கள் வாங்குவதில்லை, தெரியாதா?" என்கிற தோரணையில் அவரை அனுப்பிவிடுகிறாள் மரீ. கத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி, ஒரு சிரிப்போடு சொல்கிறாள்.

பாபு சார் சொன்ன அதே இயல்பு நடிப்புதான் சார் இது.

பாப்பம்பட்டி

பாப்கார்னோடு உட்கார்ந்தாகிவிட்டது. தொடரட்டும்.

பழையபடம் பாபு

கண்ணன், ஒரு சர்வாதிகாரத்தில் பிரச்சார மந்திரி கோயபல்ஸ் ஒரு வேடத்தைக் கொடுத்தால் முடியாது என்று சொல்ல யாரால் முடியும்? வீட்டில் இரண்டு சின்னப் பெண்கள். நடிகை நடித்தார். வசனம் எழுதியவன் வேறு ஆள், படம் எடுத்தவன் வேறு ஆள். நடிப்பு வேறு, அரசியல் வேறு.

கறார்கண்ணன்

வேறு வேறு என்றால் கோயபல்ஸ் ஏன் இவரைத் தேடிப் பிடிக்க வேண்டும்? வாய்ப்பில்லாமல் அலையும் ஏதோ ஒரு நடிகையைப் போட்டு எடுத்திருக்கலாமே?

படத்தின் உயிர் சிறைக்காட்சி. நிலவறையில் ஜெர்மானியர்கள் அடைபட்டிருக்கிறார்கள், சாவு நிச்சயம் என்ற நிலை. மரீ பேசத் தொடங்குகிறாள். ஊருக்குத் திரும்பிப் போனால் சுற்றிலும் எல்லாமே ஜெர்மனாக இருக்கும், மண்ணாங்கட்டி, புல், கல் வரைக்கும் நம்முடையதாக இருக்கும் என்று குழந்தைக்குக் கதை சொல்லும் குரலில் சொல்லிக்கொண்டே போகிறாள். கோயபல்ஸ் தன் நாட்குறிப்பில் இந்தக் காட்சியைச் சினிமாவிலேயே ஆகச்சிறந்தவற்றில் ஒன்றாக வைத்துப் பாராட்டினார். மேடை முழக்கம் போடுகிற நடிகை அதைப் பேசியிருந்தால் அது வெறும் கட்சிக் கூட்டம். இவர் பேசியதால் தியேட்டரில் இருந்தவர்கள் அழுதார்கள். அழுத கையோடு, கிழக்கே நடப்பதெல்லாம் நியாயம்தான் என்று நம்பி வீட்டுக்குப் போனார்கள். நடிப்பு மோசமாக இருந்திருந்தால் நானே இவரை மன்னித்திருப்பேன்.

இன்னொன்று. 'முடியாது' என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இந்தப் படத்துக்குப் போலந்து நடிகர்களைத் திரட்டிக் கொடுத்தவர் இகோ சிம் என்ற நடிகர். 1941 மார்ச்சில் போலந்து எதிர்ப்பியக்கம் அவரை வார்சாவில் சுட்டுக்கொன்றது. பதிலுக்கு ஜெர்மானியர்கள் பிணைக்கைதிகளைச் சுட்டார்கள். நாடகக்காரர்களைப் பிடித்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள், அதில் போலந்தின் மாபெரும் நடிகர் ஸ்டெஃபான் யாராச்சும் ஒருவர். ஒரு படத்துக்குப் பின்னால் இவ்வளவு ரத்தம்.

மல்லிகா

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். 'ஹைம்கேர்' பேச்சில் எனக்கு மறக்கவே முடியாத பெயர் போகுஸ்லாவ் சம்போர்ஸ்கி. போலந்து நடிகர், படத்தில் வில்லத்தனமான போலந்து மேயராக வருவார். அவருடைய மனைவி யூதர். அவளைக் காப்பாற்ற வேண்டித்தான் நடிக்கச் சம்மதித்தார். போர் முடிந்ததும் போலந்து நீதிமன்றம், ஆள் இல்லாமலேயே அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் தென் அமெரிக்காவுக்கு ஓடிப்போய் அங்கேயே மறைந்தார். அதே படத்தின் கதாநாயகிக்கு என்ன ஆயிற்று? நேச நாடுகள் கொஞ்ச காலம் நடிக்கத் தடை விதித்தன. 1946இல் மறுபடி வியன்னா மேடை.

பாபு அண்ணா, "யாரால் முடியும்" என்று கேட்டீர்கள் அல்லவா? டொரோதியா நெஃப். வெசெலி தொடங்கிய அதே ஃபோல்க்ஸ் தியேட்டரின் நடிகை. பிறந்தது மியூனிக்கில், 1939இல் வியன்னா வந்தார். அவருடைய தோழி லில்லி வோல்ஃப், யூதர், உடை வடிவமைப்பாளர். 1941இல் லில்லிக்கு நாடுகடத்தல் உத்தரவு வந்துவிட்டது. பையெல்லாம் கட்டி முடிக்கும் நேரத்தில் நெஃப், நீ எங்கும் போக வேண்டாம் என்று சொல்லித் தன் வீட்டிலேயே ஒளித்துவைத்தார். அன்னகாஸ்ஸே என்ற தெரு, நகரத்தின் நட்டநடு. மூன்று வருஷத்துக்கு மேல்! ஓர் ஆளுக்கான ரேஷனில் இரண்டு பேர் சாப்பிட வேண்டும். யாராவது வந்தால் லில்லி சத்தம் காட்டாமல் உள்ளறையில் இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் லில்லிக்கு மார்பில் கட்டி வந்து, வேறு பெயரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுவை செய்தார்கள். இத்தனைக்கும் நடுவில் நெஃப் சாயங்காலம் ஆனால் மேடைக்குப் போய் நடித்துவிட்டு வந்தார். இதை அவர் பல பத்தாண்டுகள் வெளியே சொல்லிக்கொள்ளவே இல்லை.

நாடகக்கிறுக்கன்

மல்லிகா அக்கா, நெஃப்பைக் கொண்டுவந்ததற்கு நன்றி. ஆனால் அவரைத் தராசில் வைத்தால் அந்தக் காலத்து வியன்னாவில் கிட்டத்தட்ட எல்லோருமே தோற்பார்கள். எனக்குப் போருக்குப் பிந்தைய கதைதான் இன்னும் விசித்திரமாகப் படுகிறது.

1946இல் யோசெஃப்ஸ்டாட் தியேட்டரில் வெசெலி என்ன நாடகத்தில் நடிக்கிறார் தெரியுமா? ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் 'செசுவானின் நல்ல மனிதர்'. நல்லவளாக இருந்தால் பிழைக்க முடியாது என்பதால் முகமூடி போட்டுக் கெட்டவனாகவும் வாழும் ஷென் தே வேடம்! யார் இந்தத் தேர்வைச் செய்தாரோ, அவருக்குக் குசும்பு அதிகம்.

அந்த நேரத்தில் வியன்னாவில் எந்தக் கலைஞர் மறுபடி நடிக்கலாம், பாடலாம் என்று முடிவுசெய்யும் அமெரிக்க ராணுவ அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் எர்ன்ஸ்ட் லோட்டார். யூதர். 1938 வரை யோசெஃப்ஸ்டாட் தியேட்டரை நடத்தியவர், உயிர் தப்பி அமெரிக்கா போய் அமெரிக்கச் சீருடையில் திரும்பியவர். அவருடைய நாவல்தான் 1948இல் 'எக்காளம் ஏந்திய தேவதை' என்ற படமாக வந்தது. நாயகி வெசெலி. வேடம்? பாதி யூத வம்சத்துப் பெண். 1938இல் நாஜிகள் வீட்டுக்குள் நுழையும்போது ஜன்னலிலிருந்து குதித்து உயிரை விடுகிறாள்.

அதே படத்தில் ஹெலெனே தீமிக்கும் நடித்திருக்கிறார். ரைன்ஹார்ட்டின் மனைவி, கணவரோடு நாடுவிட்டுப் போய், ஹாலிவுட்டில் துண்டு துக்கடா வேடங்களில் நடித்து, விதவையாகத் திரும்பியவர். சால்ஸ்பர்க்கில் போருக்குப் பிறகு 'யேடர்மான்' நாடகத்தை இயக்கியதும் அவரே. யேடர்மானாக நடித்தது அட்டிலா ஹோர்பிகர், 'ஹைம்கேர்' படத்தில் வெசெலியோடு நடித்த அதே கணவர். ஓடியவர்களும் தங்கியவர்களும் ஒரே ஒப்பனை அறையில். என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்?

கறார்கண்ணன்

ஒன்றும் பேசியிருக்க மாட்டார்கள். அதுதான் அந்த நாட்டுக்கு வசதியாக இருந்தது. 1941இல் யூத வியாபாரியை விரட்டிய அதே முகம் 1948இல் யூதப் பெண்ணாகச் சாகிறது. பார்க்கிற வியன்னாக்காரனுக்கு "நாமும் பாதிக்கப்பட்டவர்கள்தானே" என்று ஓர் ஆறுதல். டிக்கெட் விலையில் பாவமன்னிப்பு.

பழையபடம் பாபு

அது கொஞ்சம் அநியாயம் கண்ணன். லோட்டார் போன்ற ஒருவர் தன் கதையை இவரிடம் ஒப்படைத்திருக்கிறார். 1959இல் புர்க் தியேட்டரில் ஷ்னிட்ஸ்லரின் 'விரிந்த நிலம்' நாடகத்தை இயக்கியதும் லோட்டார்தான். அதில் வெசெலி கெனியா, அட்டிலா அவளுடைய கணவர். ஷ்னிட்ஸ்லரும் யூதர், அவருடைய புத்தகங்களை நாஜிகள் எரித்தார்கள். கணவன் ஊர் மேய்வது தெரிந்தும் வீட்டைக் கௌரவமாக நடத்திக்கொண்டு, உள்ளே வெந்துகொண்டிருக்கும் பெண் கெனியா. மேடையில் இவர் செய்ததில் உச்சம் அதுதான் என்று அந்தத் தலைமுறை ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். பாதிக்கப்பட்ட லோட்டாரே இவரோடு வேலை செய்யத் தயாராக இருந்தபோது, நாம் யார்?

மல்லிகா

லோட்டார் மன்னித்தார் என்றால் அது லோட்டாரின் கணக்கு, அண்ணா. ஊருக்கே சேர்த்து அவர் கையெழுத்துப் போட முடியாது.

வியன்னா வாசு

தாமதமாக வருகிறேன். வேலை நிமித்தமாக வியன்னாவில் இருப்பவன், ஜெர்மன் நாடகம் அரைகுறையாகப் புரியும்.

இங்கே புர்க் தியேட்டர் என்பது வெறும் நாடகக் கொட்டகை இல்லை. அரசர் காலத்து வழக்கங்கள் ரொம்ப நாள் நீடித்தன. நாடகம் முடிந்ததும் நடிகர்கள் திரைக்கு முன்னால் வந்து கைதட்டல் வாங்கக் கூடாது என்றொரு விதி 1983 வரைக்கும் இருந்தது. கௌரவ உறுப்பினர் இறந்தால் உடலைத் தியேட்டரின் பெரிய படிக்கட்டில் வைத்து அஞ்சலி செலுத்தி, பிறகு கட்டடத்தை ஒருமுறை சுற்றித் தூக்கிப் போகும் மரபு இன்றும் உண்டு. போர் முடியும் தறுவாயில் எரிந்துபோன கட்டடம் 1955 அக்டோபரில் மறுபடி திறந்தபோது, புது ஆஸ்திரியாவே பிறந்த மாதிரி கொண்டாடினார்கள். வெசெலி அந்த வீட்டின் பெரியம்மா. அவரைத் தொட்டால் நாட்டையே தொட்ட மாதிரி.

தொட்டவர் ஆஸ்திரிய எழுத்தாளர் எல்ஃப்ரீடே யெலினெக். பின்னால், 2004இல், நோபல் வாங்கியவர். 'புர்க் தியேட்டர்' என்றே பெயர் வைத்து, கேட்டே என்ற நடிகை, இஸ்ட்வான் என்ற கணவர், ஷோர்ஷ் என்ற கொழுந்தனார் என்று ஒரு நடிகர் குடும்பத்தை எழுதினார். யாரைச் சொல்கிறார் என்று ஊருக்கே தெரியும். 1985இல் அரங்கேறியது ஜெர்மனியின் பான் நகரத்தில், வியன்னாவில் அல்ல. இங்கே பத்திரிகைகள் யெலினெக்கைத்தான் வறுத்தெடுத்தன: சொந்தக் கூட்டை அசிங்கப்படுத்துகிறவள் என்று. அந்தக் களேபரத்தில்தான் வெசெலி வாய்திறந்தார். அந்தப் படத்தில் நடிக்க மறுக்கும் துணிச்சல் தனக்கு இல்லாமல்போனது வருத்தம் என்ற பொருளில் சொன்னார். படம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ரயிலடி

கொழுந்தனார் ஷோர்ஷ் என்பது பவுல் ஹோர்பிகரா? 'தேர்ட் மேன்' படத்தில் கட்டடக் காவலாளியாக வருவாரே, அவர்?

வியன்னா வாசு

அவரேதான். இங்கிலீஷ் தெரியாமல் வசனத்தை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். 'ஹைம்கேர்' படத்தில் அவர் இல்லை. 1945 ஜனவரியில் எதிர்ப்பாளர்களோடு தொடர்பு என்று நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ அவரைக் கைதுசெய்தது, பிபிசி அவர் செத்தே போனதாக அறிவித்தது! அவரையும் நாடகத்தில் சேர்த்து அடித்தது நியாயமா என்று இங்கே இன்னும் வாதம் உண்டு. எனக்கும் அந்த இடத்தில் யெலினெக் மேல் குறை இருக்கிறது.

வெசெலிக்கு மூன்று பெண்கள், மூவரும் நடிகைகள். மூத்தவர் எலிசபெத் ஓர்ட், குடும்பப் பெயரை வேண்டாமென்று பாட்டி வழிப் பெயரை வைத்துக்கொண்டார். புர்க் தியேட்டரிலேயே நடித்தார், யூத வெறுப்புக்கு எதிரான அமைப்புக்குத் தலைமையும் ஏற்றார். அம்மாவின் படத்தைப் பற்றிப் பொதுவெளியில் மழுப்பாமல் பேசியவர். அவருடைய மகன் கொர்னேலியுஸ் ஒபோன்யா 2013 முதல் சில ஆண்டுகள் சால்ஸ்பர்க்கில் யேடர்மான், தாத்தா போட்ட அதே வேடம்.

கறார்கண்ணன்

எலிசபெத் ஓர்ட் விஷயம் எனக்குப் புதிது. வணக்கத்துக்குரியவர்.

மல்லிகா அவர்கள் சொன்ன நெஃப் பற்றி ஒரு பின்குறிப்பு. வியன்னாவின் பெரிய தியேட்டர்கள் பிரெக்டை ஏறத்தாழப் பத்து வருஷம் மேடையேற்றவில்லை, கம்யூனிஸ்ட் என்று பெரிய விமர்சகர்கள் தடுத்துவைத்திருந்தார்கள். 1963இல் ஃபோல்க்ஸ் தியேட்டர் அதை உடைத்தது. நாடகம் 'மதர் கரேஜ்', தாயாக நடித்தவர் நெஃப். பிறகு பார்வை போன பின்னும் மேடையை விடவில்லை.

பாப்பம்பட்டி

எல்லாம் சரி, எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது? 'ஹைம்கேர்' இணையத்தில் தட்டுப்படுகிறதே, பார்க்கலாமா?

நாடகக்கிறுக்கன்

ஜெர்மனியில் அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள படம். சும்மா திரையிட முடியாது, முன்னுரையும் பிந்தைய விவாதமும் வைத்தால்தான் அனுமதி. நீங்களும் முதலில் 'மாஸ்கராடே' பாருங்கள், அப்புறம் 1948 படம், 'ஹைம்கேர்' கடைசியாக. வரிசையை மாற்றினால் அந்தக் குரல் ஏன் ஆபத்து என்பது பிடிபடாது.

பழையபடம் பாபு

நான் இந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. 'மாஸ்கராடே'வைக் கடைசியில் வை. அந்தப் பெண்ணை 1934இல் நேசித்தவர்களுக்கு 1941 தெரியாது.

கறார்கண்ணன்

நமக்குத் தெரியுமே, சார்.

வியன்னா வாசு

சண்டைக்கு நடுவில் ஒரு செய்தி. யெலினெக்கின் அந்த நாடகம் கடைசியில் 2025 மே மாதம் புர்க் தியேட்டரிலேயே மேடையேறியது, இயக்கம் மிலோ ராவ். நடித்தவர்களில் ஒருவர் மாவி ஹோர்பிகர், பவுல் ஹோர்பிகரின் பேத்தி. வெசெலியும் அட்டிலாவும் கிரின்ட்ஸிங் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாக இருக்கிறார்கள். தியேட்டரிலிருந்து டிராமில் போய்விடலாம், 38ஆம் எண்.